அந்த கேசட்டுல பேசறது நம்ம தமிழுங்க

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, மீனாட்சிபுரத்துல இருந்து வணக்கமுங்க.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க ஞாயித்துக்கெழமை இணைப்புல ஆவணப்படம் எடுக்கறவங்கள பத்தி ஒரு முழுப்பக்கம் கட்டுரை போட்டிருந்தீங்க, டீக்கடையில ஒருக்கா படிச்சுட்டு மனசு கேக்காம கடைக்காரர்கிட்ட கேட்டு பேப்பர வீட்டுக்கே எடுத்துட்டு வந்து இன்னொருக்கா படிச்சேன். ஆனந்த் பட்வர்தன பத்தி நல்லா எழுதியிருந்தாங்க, 1974 ல பீகார்ல ஜெயப்பிரகாஷ் நாராயணோட ஜேபி இயக்கத்துல ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் அந்த மனுசன் கேமராவ கீழ வெக்கலங்கறத எழுதுனது ரொம்ப சரி. ஆனா கேரளாவுக்கு வந்ததும் கட்டுரை ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. கோக கோலா கம்பெனிய எதுத்து ஜனங்க போராடுன பிளாச்சிமடைக்கு ஒரே ஒரு வரி, அதுலயும் போராட்டத்த ஒட்டி சில பிரச்சாரப் படங்கள் வந்துச்சுன்னு போட்டுட்டு அடுத்த பாராவுக்கு போயிட்டாங்க. எடுத்தவரு பேரு கூட இல்ல.

அவரு பேரு சி. சரத்சந்திரன். கூட சேந்து எடுத்தவரு பி. பாபுராஜ். இந்த ரெண்டு பேர்த்த பத்தி எழுதோணும், அதுக்குத்தான் இந்த லெட்டர். எனக்கு எழுதிப் பழக்கமில்லீங்க, நீளமாப் போனா பொறுத்துக்கோங்க, வெட்டறதா இருந்தா என்னைப் பத்தி இருக்கறத வெட்டுங்க, அவர பத்தி இருக்கறத விட்டுருங்க.

நான் கல்யாண வீடியோக்காரன். 1994 ல இருந்து இந்த தொழில்தான். மீனாட்சிபுரம் எங்க இருக்குன்னு உங்க வாசகர்கள்ல பாதி பேருக்கு மதுரை மீனாட்சியத்தான் ஞாபகம் வரும், இது பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்காவுல செக்போஸ்ட் இருக்கற ஊரு, இந்தப் பக்கம் நின்னா கேரளா அந்தப் பக்கம் போனா பொள்ளாச்சி. ஆபீஸ் போர்டு மலையாளம், வீட்டுல தமிழ், சண்டை போட்டா ரெண்டும். மழை மலைக்கு அந்தப் பக்கம் பேஞ்சுட்டு போயிரும், எங்களுக்கு ஆழியாத்து தண்ணி வந்தாத்தான் உண்டு, அதுக்கு ரெண்டு கவர்மெண்டும் வருசா வருசம் பேசிட்டே இருக்கும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், முதலமடை, இங்கெல்லாம் கல்யாணம் காது குத்து சீர்னா நம்ம கேமரா போயிருக்கும். மொதல்ல தோள்ல வெக்கற விஎச்எஸ், பொறவு மினி டிவி கேசட், இப்ப மெமரி கார்டு.

பிளாச்சிமடை எங்க கடையில இருந்து பஸ்சுல கொஞ்ச நேரந்தான். சித்தூர் போற ரோட்டு மேலயே இருக்கு, பெருமாட்டி பஞ்சாயத்து. 2000 ல அங்க கோக கோலா கம்பெனி வந்துச்சு, 34 ஏக்கர் கிட்ட எடம், உள்ள போர்வெல். ஆறு மாசம் ஒரு வருசத்துலயே சுத்தியிருந்த காலனில கெணத்துத் தண்ணி வெள்ளக்கலரா கடுத்துப் போச்சு, சோறு வேகமாட்டேங்குது, குளிச்சா அரிக்குதுன்னு பொம்பளைங்க சொல்ல ஆரம்பிச்சாங்க. 2002 ஏப்ரல் 22 ஆம் தேதி கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்ல ஓலைப்பந்தல் போட்டு உக்காந்தாங்க. நாங்கெல்லாம் சமரப்பந்தல்னுதான் சொல்லுவோம், போராட்டம்ங்கற வார்த்தை பேப்பர்லதான் பாப்போம். உக்காந்தவங்க பெரும்பாலும் எரவாளர், மலசர்ங்கற ஆதிவாசி ஜனங்க, காட்டு வேலைக்கு போனாத்தான் அன்னிக்கு அடுப்பு எரியும், அந்த வேலைய விட்டுட்டு முறை போட்டு வந்து உக்காந்தாங்க.

அந்த ரோட்டுல நான் எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்லீங்க. மடியில கேமரா பை. பையில சார்ஜ் பண்ணுன ரெண்டு பேட்டரி, பிரிக்காத நாலு கேசட். பஸ் பந்தல தாண்டறப்ப ஜன்னல் வழியா பாப்பேன், போராட்டத்த முன்ன நின்னு நடத்துன மயிலம்மா அக்கா உக்காந்திருப்பாங்க, சுத்தி பிளாஸ்டிக் கொடம் வரிசையா இருக்கும். முகூர்த்தத்துக்கு நேரமாச்சேன்னு போயிருவேன். ஒரு நாள் கூட எறங்கல. 2004 ஜனவரில உலக தண்ணி மாநாடுன்னு அங்க நடத்துனாங்க, பிரான்ஸ்ல இருந்து விவசாயிங்க தலைவர் ஜோசே போவே, கனடாவுல இருந்து தண்ணி உரிமைக்கு குரல் குடுக்கற மாட் பார்லோ எல்லாம் வந்தாங்க, அன்னிக்கும் எனக்கு பொள்ளாச்சில ஒரு ரிசப்சன். இந்த ஊர்ல கேமரா வெச்சிருந்தவன் நானு, திருவனந்தபுரத்துக்காரரு வந்து எடுத்துட்டுப் போனாரு. இத எங்கயும் சொன்னதில்ல, உங்களுக்கு எழுதறேன்.

சரத்சந்திரன் பிளாச்சிமடைக்குன்னு திடீர்னு கெளம்பி வந்தவரு இல்லீங்க. 1987 கடைசில மேற்கு தொடர்ச்சி மலைய காப்பாத்தணும்னு வடக்க நவாப்பூர்ல இருந்தும் தெக்க கன்னியாகுமரில இருந்தும் ஜனங்க நடந்து கோவால போய் சேந்தாங்களே, அந்த நடைப்பயண காலத்து ஆளு அவரு. அப்ப கேமராங்கறது சாமானியமா கையில கெடைக்கற பொருளே இல்ல. பொறவு 1999 ல பாபுராஜோட சேந்து சாலியார் ஆத்த பத்தி படம் பண்ணுனாரு, சாலியார் தி ஃபைனல் ஸ்ட்ரகிள்னு பேரு. கோழிக்கோட்டு பக்கம் மாவூர்ல ரேயான் பேக்டரி, 1960கள்ல இருந்து கழிவு ஆத்துல. வாழக்காட்டு கே.ஏ. ரஹ்மான்னு ஒருத்தரு முப்பது வருசமா அத எதுத்து நின்னாரு, கடைசில அவரே கேன்சர்ல 1999 ல போயிட்டாரு. அந்த பேக்டரி 2001 ல மூடுச்சு. படம் வந்து ரெண்டு வருசத்துல மூடுனாங்கன்னு சொல்ல வரல, படத்தால ஒரு பேக்டரி மூடாது, எனக்கும் தெரியும். ஆனா அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு இன்னிக்கு பொறந்த பையன் பாக்கணும்னா கண்ணுல காட்ட அது இருக்கு.

அணை கட்டப் போனத ஜனங்க எதுத்து காப்பாத்துன சைலண்ட் வேலி காட்ட பத்தி ஒன்லி ஆன் ஆக்ஸ் அவேன்னு ஒண்ணு எடுத்தாரு. அது 1984 லயே நேசனல் பார்க் ஆயிருச்சே, முடிஞ்சு போன கதைய எதுக்கு எடுக்கோணும்னு கேப்பீங்க. முடியலீங்க, பக்கத்துலயே பாத்ரக்கடவுல அணை கட்டறம்னு 2000 க்கு மேல மறுபடி பேச்சு வந்துச்சு, அதுக்குத்தான். ஜெயிச்ச எடத்தயும் போய் எட்டிப் பாக்கற ஆளு. பொறவு பத்தனந்திட்டா பக்கம் செங்கறைல 2007 ல நிலம் இல்லாதவங்க எஸ்டேட்டுக்குள்ள குடிசை போட்டு உக்காந்தப்ப அங்கயும் போனாரு. பாத்தீங்கன்னா ஆறு, காடு, தண்ணி, நெலம்னு ஒரே நூல்தான். அவார்டுக்கு தோதா சப்ஜெக்ட் மாத்திட்டே இருந்த வாழ்க்கை இல்ல அது.

பிளாச்சிமடைக்கு மட்டும் ரெண்டு படம். 2003 ல தி பிட்டர் டிரிங்க், பொறவு 2006 ல தவுசண்ட் டேஸ் அண்ட் எ ட்ரீம். இதுல இருக்கற கஷ்டம் தொழில்காரனுக்குத்தான் தெரியுமுங்க, அதனால கொஞ்சம் சொல்றேன். ஒரு படம் முடிச்சு வெளிய விட்டா நம்ம மனசு அந்த எடத்த விட்டு போயிரும். கல்யாணத்துலயே மூணாவது நாளு மறுவீடு எடுக்க வாங்கன்னு கூப்ட்டா எனக்கு கால் வராது, எடுக்க வேண்டியத எடுத்தாச்சேன்னு இருக்கும். இவங்க ஒரு படம் முடிச்சுட்டு அதே பந்தலுக்கு திரும்ப வந்திருக்காங்க. ஆயிரமாவது நாளுன்னா 2005 ஜனவரி ஆகுது, கணக்கு போட்டுப் பாருங்க, ரெண்டே முக்கால் வருசம். அந்தப் பந்தல்ல தினமும் என்ன நடக்கும்? பெருசா ஒண்ணும் நடக்காது. வெயில் அடிக்கும், நாலு பேரு உக்காந்திருப்பாங்க, ஒரு குழந்தை தூங்கும், லாரி போனா புழுதி வரும். மினிஸ்டர் வர்ற அன்னிக்கு டிவிக்காரங்க வேன்ல வந்து எறங்கி பத்து நிமிசம் எடுத்துட்டு மதியச் சாப்பாட்டுக்கு பாலக்காடு போயிருவாங்க. ஒண்ணும் நடக்காத நாள்லயும் கேமராவோட வந்து நிக்கறவன்கிட்டத்தான் ஜனங்க வாய தொறப்பாங்க, இது எங்க தொழில்ல நான் கண்ட உண்மை. லைட்டப் போட்டு கேமராவ நீட்டுனா பாட்டிங்க முக்காடு போட்டு திரும்பிக்குவாங்க, பந்திக்கு எலை போடறவரைக்கும் கூடவே சுத்துனீங்கன்னா அவங்களே கூப்ட்டு பழைய கதை பேசுவாங்க.

அந்த ரெண்டாவது படத்த நான் பாத்தது 2007 ல. கொழிஞ்சாம்பாறைல ஒரு வாத்தியார் டிவிடி குடுத்தாரு, கடைய சாத்துனதுக்கப்புறம் எடிட்டிங் டிவில போட்டேன். எங்கம்மா சோத்துப் போசிய குடுத்துட்டு போக வந்தவங்க அப்படியே கதவோரம் நின்னுட்டாங்க. எங்கம்மாவுக்கு டாக்குமெண்டரின்னா என்னன்னு தெரியாது, டிவில இங்கிலீசு எழுத்து ஓடறதப் பாத்து இது நமக்கில்லன்னு கெளம்பப் போனாங்க. அப்ப காலனி பொம்பளைங்க பேச ஆரம்பிச்சாங்க. "ஏனுப்பா, இவங்க நம்ம பேச்சாட்டம் பேசறாங்களே, இது மலையாளப் படமில்லையா"ன்னாங்க. அன்னிக்கு வரைக்கும் எங்கம்மா டிவில கேட்ட தமிழ் எல்லாம் மெட்ராஸ் தமிழ், மதுரை தமிழ், ந்யூஸ் படிக்கற தமிழ். சித்தூர் தாலூக்கா காட்டு வேலைக்காரி பேசற தமிழ், மலையாளம் பாதி கலந்து இழுத்துப் பேசற அந்தத் தமிழ், ஒரு பெட்டிக்குள்ள இருந்து வருதுன்னா அவங்களுக்கு ஆச்சரியம். கீழ உக்காந்துட்டாங்க, முடியற வரைக்கும் எந்திரிக்கல, போசியில சோறு ஆறிப் போச்சு.

இதத்தான் உங்க கட்டுரைக்காரரு பாக்காம விட்டுட்டாருங்க. மலையாள இயக்குநர், கேரளா போராட்டம், அதனால அது மலையாளத்துக்காரங்க சமாச்சாரம்னு ஒதுக்கிட்டாரு. படத்துக்குள்ள இருக்கறது நம்ம ஜனங்க. மயிலம்மா முதலமடைல பொறந்து பிளாச்சிமடை விஜயநகர் காலனிக்கு வாக்கப்பட்டு வந்தவங்க, பள்ளிக்கூடம் போகாதவங்க, 2007 ஜனவரில செத்துப் போயிட்டாங்க, படம் வந்து ஒரு வருசம் கூட சரியா ஆகல. நம்ம பேப்பர்கள்ல அன்னிக்கு எவ்வளவு பெருசா வந்துச்சுன்னு உங்க பழைய ஃபைல எடுத்துப் பாருங்க அய்யா, நான் தேடிட்டேன். அவங்க வாழ்க்கை மலையாளத்துல புத்தகமா வந்துச்சு, படத்துக்கு இங்கிலீசுல அடியில எழுத்து போட்டு வெளிநாட்டுக்காரன் எல்லாம் பாத்தான். அவங்க பேசுன பாஷைக்காரங்க நாமதான் கடைசியா.

பிரச்சாரப் படம்னு சொன்னதுக்கு வர்றேன், அது மனசுல தச்சிருச்சு. நானும் முப்பது வருசமா ஒரு பக்கத்துக்குத்தான் எடுக்கறேன். பொண்ணு வீட்டுக்காரங்க அட்வான்ஸ் குடுத்தா பொண்ணு பக்கம் சொந்தக்காரங்கதான் ஆல்பத்துல முன்னாடி வருவாங்க, மாப்பிள்ளையோட சித்தப்பா மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவாரு. யாரு காசு குடுக்கறாங்களோ அவங்க பக்கம்தான் கேமரா நிக்கும், அது கல்யாண வீட்டுலயே அப்படி. அப்ப நாட்டுல எப்படி இருக்கும்? அந்த கம்பெனிக்கு அன்னிக்கு டிவியத் தொறந்தா பெரிய பெரிய நடிகருங்க வந்து பாட்டில தூக்கி குடிச்சு காமிச்சாங்க, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா. அத யாரும் பிரச்சாரப் படம்னு எழுதல, விளம்பரம்னு மரியாதையா சொன்னாங்க. காலனி பக்கம் நிக்கறதுக்கு ஒருத்தரு ரெண்டு பேரு வந்தா உடனே பிரச்சாரம் ஆயிருது. அவரு பக்கம் சாஞ்சுதான் நின்னாரு, ஒளிச்சு வெக்கல. ஆனா சொன்னது பொய்யான்னு பாருங்க. 2003 ல பிபிசி ரேடியோக்காரங்க, கம்பெனி ஒரம்னு சொல்லி விவசாயிங்களுக்கு குடுத்த கழிவுச் சேத்த எடுத்துட்டுப் போய் லேப்ல குடுத்தாங்க, காட்மியம் இருக்கு ஈயம் இருக்குன்னு வந்துச்சு. அந்த வருசம் பெருமாட்டி பஞ்சாயத்து லைசன்ச புதுப்பிக்க மாட்டேன்னு தீர்மானம் போட்டுச்சு. டிசம்பர் 16 ஆம் தேதி ஹைகோர்ட்டுல நிலத்தடி தண்ணி பொதுச்சொத்து, கவர்மெண்ட் அத ஜனங்களுக்காக காவந்து பண்ணோணும்னு நீதிபதி பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பு எழுதுனாரு. 2005 ல ரெண்டு நீதிபதி பெஞ்சு அத மாத்தி ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கலாம்னு சொல்லுச்சு, அதுவும் நடந்துச்சு, மறைக்க வேண்டியதில்ல. ஆனா 2004 மார்ச்சுல மூடுன பேக்டரி பொறவு ஓடவே இல்ல, 2017 ல சுப்ரீம் கோர்ட்டுலயே நாங்க இனி அங்க உற்பத்தி பண்ணப் போறதில்லன்னு கம்பெனி சொல்லிருச்சு. பந்தல்ல உக்காந்த பொம்பளைங்க 2002 ல என்ன சொன்னாங்களோ அதத்தான் பொறவு லேப்பும் பஞ்சாயத்தும் கமிட்டியும் ஒண்ணொண்ணா வந்து சொல்லுச்சு. மொதல்ல கேட்டு பதிஞ்சு வெச்சவனுக்கு பிரச்சாரக்காரன்னு பேரு, இது நியாயமுங்களா?

அவரு படம் எடுக்கறதோட நிக்கல, அது இன்னொரு பெரிய வேலை. புரொஜெக்டர தூக்கிட்டு ஊரு ஊரா போய் காட்டுவாரு, தன்னோட படத்த மட்டுமில்ல, பட்வர்தன் படங்கள எல்லாம் கேரளா கிராமங்களுக்கு கொண்டு போனதுல அவருக்கு பெரிய பங்கு. வாயனசாலைங்கற படிப்பகம், பள்ளிக்கூடத் திண்ணை, முச்சந்தி, எங்க எடம் கெடச்சாலும். திருச்சூர்ல விப்ஜியார்னு ஒரு ஆவணப்பட விழா 2006 ல ஆரம்பிச்சாங்களே, அதுக்கும் அவரு முக்கியமான தூணு. நம்ம பக்கம் மதுரைல அமுதன் 1998 ல இருந்து ஆவணப்பட விழா நடத்தறாருன்னு கேள்விப்பட்டப்ப இவரு ஞாபகந்தான் வந்துச்சு. திருநெல்வேலில 1999 ஜூலை 23, மாஞ்சோலை தொழிலாளிங்க ஊர்வலத்துல போலீஸ் அடிச்சு தாமிரபரணி ஆத்துல 17 பேரு செத்தாங்களே, அத ஆர்.ஆர். சீனிவாசன் படமா பண்ணி வெச்சாரே, அந்த மாதிரி ஆளுங்க எல்லா பாஷையிலயும் நாலஞ்சு பேருதான் இருப்பாங்க.

2010 ல சரத்சந்திரன் ஓடற ட்ரெயின்ல இருந்து விழுந்து இறந்துட்டாரு. அவரோட ஒரு வார்த்தை கூட நான் பேசுனதில்லீங்க, ஆனா செய்தி மலையாள டிவில ஓடறப்ப கை வேலைய விட்டுட்டு உக்காந்துட்டேன்.

அதுக்கடுத்த வருசம் அவரு ஞாபகமா இந்தப் படத்த எங்க பக்கம் ஒரு நாள் காட்டலாம்னு நாங்க நாலு பேரு சேந்தோம். ஒரு கல்யாண மண்டபம், பேரு வேண்டாம், எனக்கு நல்லா பழக்கமான எடம், வருசத்துக்கு பத்து கல்யாணம் அங்க எடுக்கறவன், 500 ரூவா அட்வான்ஸ் குடுத்து எழுதியாச்சு. நோட்டீஸ் அடிச்சு ஒட்டியாச்சு. முந்தின நாள் சாயந்தரம் மேனேஜர் போன் பண்றாரு, சென்சார் சர்டிபிகேட் இருக்கான்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. பொது எடத்துல படம் காட்டணும்னா சர்டிபிகேட் வேணும்னு 1952 லயே சட்டம் இருக்காம், அது சரி, ஆனா அதே மண்டபத்துல கட்சிக்காரங்க அவங்க தலைவர் படத்த பெரிய திரை கட்டி ஓட்டுனப்ப யாரும் கேட்டதில்ல, நாந்தான் அதுக்கு வயர் இழுத்து குடுத்தவன். அட்வான்ச திருப்பி என் சட்டப்பையில வெச்சுட்டாரு. மூஞ்சிய பாக்காமத்தான் வெச்சாரு, அவருக்கும் சங்கடம் போல, மேல இருந்து யாரோ சொல்லியிருப்பாங்க.

சரின்னு ஒரு தோட்டக்காரரு அவர் களத்த குடுத்தாரு. கல்லக்கா, அதான் நெலக்கடலை, காயப் போடற களம். சாளைச் செவுத்துக்கு அன்னிக்கு காலைல வெள்ளையடிச்சோம், முழுசா காயல, படம் ஓடறப்ப மூலைல ஈரம் திட்டு திட்டா தெரிஞ்சுது. புரொஜெக்டர் பொள்ளாச்சில வாடகைக்கு எடுத்தது, ஸ்பீக்கர் என்னுது. எட்டரைக்கு கரண்ட் போயிருச்சு, முக்கா மணி நேரம். ஒருத்தரும் எந்திரிச்சு போகலீங்க. எண்பது தொண்ணூறு பேரு இருட்டுல உக்காந்து தண்ணி கதைதான் பேசிட்டிருந்தாங்க, எந்தக் கெணறு எந்த வருசம் வத்துச்சு, எத்தனை அடி போர் போட்டோம்னு. அந்தப் பேச்ச பதிஞ்சிருக்கலாம், கேமரா கூட பக்கத்துலதான் இருந்துச்சு. எனக்கு எப்பவுமே பொறவுதான் தோணும்.

இந்த சர்டிபிகேட் சமாச்சாரம் சின்ன ஊர்ல மட்டும் நடக்கறதுன்னு அப்ப நெனச்சேன். 2017 ல திருவனந்தபுரத்துல கேரளா சலச்சித்ர அகாடமி நடத்தற ஆவணப்பட விழாவுலயே ரோஹித் வெமுலா, காஷ்மீர், ஜேஎன்யூ பத்துன மூணு படத்துக்கு டெல்லில சென்சார் விலக்கு குடுக்கல. 2019 ல பட்வர்தனோட விவேக் படத்துக்கும் குடுக்கல, பொறவு ஹைகோர்ட்டுக்கு போய் உத்தரவு வாங்கித்தான் ஓட்டுனாங்க. அவருக்கே இந்த கதின்னா, களத்துல செவுத்துக்கு வெள்ளையடிக்கற எங்கள எவன் கேக்கறது. உங்க கட்டுரைல இந்த மாதிரி படம் எடுக்கறவங்க வாழ்க்கைய அவார்ட வெச்சு அளந்திருந்தாங்க, எந்த விழா எந்த பரிசுன்னு. எடுத்த படத்த காட்டறதுக்கு ஒவ்வொரு ஊர்லயும் படற பாடுதான் அந்த வாழ்க்கைல பாதி. அது எந்த பரிசு லிஸ்ட்லயும் வராது.

அவரு போனதுக்கப்புறம் நடந்ததயும் சொல்லோணும். 2010 மார்ச்சுல, அவரு போறதுக்கு கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான், கவர்மெண்ட் போட்ட ஜெயக்குமார் கமிட்டி நஷ்டம் 216 கோடிக்கு மேலன்னு கணக்கு குடுத்துச்சு. 2011 பிப்ரவரி 24 ஆம் தேதி நஷ்டஈடு வாங்கிக் குடுக்க தனி ட்ரிபியூனல் வெக்கற மசோதாவ கேரளா சட்டசபைல நிறைவேத்துனாங்க. அது டெல்லிக்கு போயி வருசக்கணக்கா கெடந்து ஜனாதிபதி ஒப்புதல் இல்லாம திரும்பிருச்சு. காலனிக்காரங்களுக்கு அந்த 216 கோடில இருந்து ஒரு ரூவா வரல. பந்தல்ல உக்காந்த பெரியவங்க ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க. நாளைக்கு இங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஒருத்தன் வந்து சொன்னா எதுத்து சொல்ல யாரு இருப்பா? அந்த கேசட்டுல இருக்கறவங்க இருப்பாங்க. அதுக்குத்தான் கடைசியா ஒரு விசயம் கேக்கறேன்.

போன மழைக்காலத்துல என்னோட பழைய மினி டிவி கேசட் பெட்டிய எறக்குனேன். ஒரு குடும்பம், 2003 ல எடுத்த கல்யாணம், அப்பா செத்துட்டாரு, அவரு குரல் அதுல மட்டுந்தான் இருக்கு, காப்பி வேணும்னு வந்தாங்க. கேசட் தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு, சைடுல பட்டன அமுக்கி மூடிய தூக்கிப் பாத்தா உள்ள டேப்பு சுத்தி வெச்ச ஓரமெல்லாம் வெள்ளையா சாம்பல் பூத்தாப்ல இருக்கு. பூஞ்சை. அப்படியே பிளேயர்ல போட்டா ஹெட்டும் போயிரும் டேப்பும் போயிரும். கேசட்ட பிரிச்சு, ஸ்பிரிட்டுல நனைச்ச துணியில கொஞ்சங் கொஞ்சமா தொடைச்சு, வேற கேசட் கூட்டுல மாத்தி, ஒரு ராத்திரி முழுக்க ஒக்காந்து எடுத்தேன். ஒரு மணி நேர கேசட்டுல நாப்பது நிமிசம் கெடச்சுது, மீதில வெறும் கட்டம் கட்டமா. அப்பா பேசற எடம் அந்த நாப்பதுல இருந்துச்சு, அந்தப் பொண்ணு கடையிலயே அழுதுருச்சு. பத்து வருசத்துக்கு முன்னாடி பண்ணியிருந்தா முழுசும் கெடச்சிருக்கும், இன்னும் அஞ்சு வருசம் போயிருந்தா ஒண்ணும் கெடச்சிருக்காது.

அன்னிக்கு ராத்திரி எனக்கு தோணுனது, ஒரு மணி நேரப் படம் பண்றதுக்கு அவங்க எத்தனை மணி நேரம் பதிஞ்சிருப்பாங்க, படத்துல சேக்காத மீதி கேசட் எல்லாம் எங்க இருக்கும், யாரு அலமாரில, எந்த நெலமைல. படமா வந்தது பத்துல ஒரு பங்கு கூட இருக்காதுங்க, இந்த தொழில்ல அப்படித்தான். மயிலம்மா பேசுனதுல மீதி, இன்னிக்கு உசிரோட இல்லாத மத்த பொம்பளைங்க பேசுனது, நம்ம பாஷைல, அந்த டேப்புல சாம்பல் பூத்துட்டு கெடந்தா? திருவனந்தபுரத்துல சலச்சித்ர அகாடமி இருக்கு, வருசா வருசம் ஆவணப்பட விழா நடத்தறாங்க, இந்த மாதிரி ஆளுங்க விட்டுட்டுப் போன கேசட்டுகள தேடி வாங்கி டிஜிட்டல்ல ஏத்தி வெக்க ஒரு ஏற்பாடு பண்ணோணும். சரத்சந்திரன்து மட்டுமில்ல, 1985 ல இருந்து 2005 வரைக்கும் விஎச்எஸ்லயும் மினி டிவிலயும் எடுத்தது அத்தனையும். ஃபிலிம்ல எடுத்தது கூட நிக்கும், கேசட்டு நிக்காது.

உங்ககிட்ட கேக்கறது ரெண்டு. சரத்சந்திரனுக்கும் பாபுராஜுக்கும் ஒரு முழுப்பக்கம் குடுங்க, பேரு போட்டு, படத்து பேரு போட்டு. இன்னொண்ணு, அந்தப் படத்துக்கு தமிழ்ல அடி எழுத்து போட யாராச்சும் முன்வந்தா காலனி பேச்ச புரிஞ்சு எழுதிக் குடுக்க எங்க ஊர்ல ஆளு இருக்காங்க, எங்கம்மாவே பாதி சொல்லிருவாங்க.

கேசட்டுக்கு நானே பொறுப்பு எடுத்துக்கறேன். என்கிட்ட ஓடற நெலமைல ரெண்டு மினி டிவி பிளேயர் இருக்கு, ஒரு விஎச்எஸ் டெக் இருக்கு, பழைய கம்ப்யூட்டர்ல கேசட்ட ஏத்தறதுக்கு வேண்டிய ஃபயர்வயர் கார்டு இன்னும் வேலை செய்யுது. பிளாச்சிமடை சமரத்துல எடுத்தது, அது யாரு எடுத்ததா இருந்தாலும் சரி, எந்த நெலமைல இருந்தாலும் சரி, மீனாட்சிபுரம் கொண்டு வந்து குடுத்தா காசு வாங்காம ஏத்திக் குடுக்கறேன். பூஞ்சை புடிச்சிருந்தா பிளேயர்ல போட்டுப் பாத்துராதீங்கன்னு மட்டும் தயவு பண்ணி போடுங்க.

இப்படிக்கு,
கல்யாண வீடியோக்காரன் ஒருத்தன்,
மீனாட்சிபுரம், பாலக்காடு ஜில்லா.